எட்டு மணி நேரத்தில் ஒரு மலை

மலைக்குப் போவதென்றால் நம் பெரியவர்கள் அதற்கு முன்னால் பல நாள் ஆயத்தம் செய்வார்கள். பழனிக்குப் போகிறவர் காவடி எடுப்பார். திருப்பதிக்குப் போகிறவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார். சபரிமலைக்குப் போகிறவர் ஒரு மண்டலம் விரதம் இருப்பார். மலை அவர்களுக்காகக் காத்திருந்தது; அவர்களும் மலைக்காகக் காத்திருந்தார்கள். உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்கிறவர்களின் சமாசாரம் வேறு. காலை எட்டு மணிக்குக் கரையில் இறங்க வேண்டும்; மாலை நான்கு மணிக்குள் மலையைப் ‘பார்த்து முடித்து’ விட வேண்டும்; ஐந்து மணிக்குக் கப்பலின் மேல்தட்டில் உட்கார்ந்து தேநீர் அருந்த வேண்டும். தாமதித்தால் மலை ஒன்றும் சொல்லாது, கப்பல் போய்விடும்.

இவ்விதம் பார்ப்பது பார்த்ததாகுமா என்று கேட்கும் நேயர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். சென்ற விடுமுறையில் ஸிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில் போர்னியோத் தீவின் வடகரைக்குச் சென்று, கினபாலு மலைப் பூங்காவில் அரை நாள் கழித்து வந்தவன் என்ற முறையில், அதற்கு ‘ஆகும்’ என்றும் ‘ஆகாது’ என்றும் இரண்டு பதிலும் சொல்ல என்னால் முடியும். எது எப்போது ஆகும் என்பதைச் சொல்வதே இந்த வாரக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் மலையைப் பற்றி இரண்டு வார்த்தை. கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். நம் தொட்டபெட்டாவின் மேல் இன்னும் ஒரு பாதித் தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். பூமிக்குள் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு உறைந்து கருங்கல்லாகி, எழும்பி நிற்கும் மலை இது. பூகர்ப்ப சாஸ்திரிகளின் கணக்கில் அந்தக் கல்லின் வயது எழுபது எண்பது லட்சம் ஆண்டுகள்தான். மலைகளின் குலத்தில் இது பச்சைக் குழந்தை. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் இருந்தும், உறைபனிக் காலத்தில் இதன் சிகரத்தில் பனிப்பாளங்கள் படிந்திருந்தன. அவை வழித்து மெருகிட்ட பாறையின் மேல்தான் இன்று ஜனங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். மலையைச் சுற்றியுள்ள நிலத்தை 1964-ல் பூங்காவாக ஒதுக்கினார்கள்; இப்போது அதன் பரப்பு 754 சதுர கிலோமீட்டர். 2000-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் அதை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அங்கீகரித்தது.

அந்த நாட்டின் சரித்திரமும் நமக்கு அந்நியமானதல்ல. சாபா என்று இப்போது வழங்கும் வடக்கு போர்னியோவை 1881 முதல் ஒரு ஆங்கிலக் கம்பெனி ஆண்டது. ராஜா அல்ல, பார்லிமெண்டு அல்ல; பங்குதாரர்களுக்கு லாபம் பிரித்துக் கொடுக்கும் கம்பெனி. கம்பெனியார் ஆட்சி என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கும் எதிர்த்து நின்றவர் உண்டு. மாட் ஸாலே என்ற வீரர் 1894 முதல் போராடி 1900-ல் போரில் உயிர் துறந்தார். ஜப்பானியர் புகுந்து, யுத்தம் முடிந்து, 1946-ல் பிரிட்டிஷ் முடியின் நேரடி ஆளுகை வந்து, 1963-ல் சாபா மலேசியாவுடன் சேர்ந்தது. கம்பெனியின் பிரமுகர் ஒருவர் பெயரால் ஜெஸல்டன் என்று வழங்கிய பட்டணத்துக்கு 1967-ல் கோத்தா கினபாலு என்று மலையின் பெயரையே சூட்டினார்கள். எங்கள் கப்பல் அங்கேதான் நங்கூரம் பாய்ச்சியது.

பட்டணத்தின் பெயரை மாற்றியவர்கள் சிகரத்தின் பெயரை மாற்றவில்லை. மிக உயர்ந்த சிகரத்துக்கு இன்றும் ‘லோ சிகரம்’ என்றே பெயர். ஹ்யூ லோ என்ற ஆங்கில உத்தியோகஸ்தர் 1851-ல் உள்ளூர் டூஸுன் ஜனங்களின் துணையுடன் மலையேறினார். உச்சிப் பாறைவெளியை அடைந்தார். ஆனால் மிக உயர்ந்த முனையில் அவர் கால் வைக்கவில்லை. அதில் முதலில் ஏறியவராக எழுதப்பட்டிருப்பவர் ஜான் வைட்ஹெட், ஆண்டு 1888. ஏறாதவர் பெயர் சிகரத்துக்கு. வழி காட்டியவர்களின் பெயர் அடிக்குறிப்புக்கு. எவரெஸ்டுத் துரை அந்தச் சிகரத்தில் ஏறியதில்லை. அதன் உயரத்தைக் கணக்கிட்டுச் சொன்ன ராதாநாத் சிக்தாரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? உலகத்தில் உயரமான இடங்களுக்கெல்லாம் இப்படி ஒரே மாதிரிக் கதை.

இனி பிரயாணத்துக்கு வருவோம்.

கினபாலுவைப் பார்க்க மிகச் சிறந்த நேரம் விடியற்காலை. மிகச் சிறந்த இடங்களில் ஒன்று கப்பலின் மேல்தட்டு. அன்று சூரியோதயத்துக்குச் சற்று முன்னால் கடலுக்கு அப்பால், பட்டணத்துக்கு அப்பால், தாழ்ந்த குன்றுகளுக்கெல்லாம் அப்பால், வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு கறுப்பாக அது நின்றது. உச்சியில் முறிந்த பற்களைப் போல வரிசையாகச் சிகரங்கள். ஒரு மேகம் இல்லை. தட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். மற்றவர்கள், மலையைப் பார்க்கப் பணம் கட்டியவர்கள், தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது பத்து மணிக்குள் கீழேயிருந்து ஈரக்காற்று மேலேறி, குளிர்ந்து, மேகமாகி மலையை மூடிவிடும் என்பது அங்கே அநேகமாகத் தினசரி நடக்கும் காரியம். கப்பல் கம்பெனியின் பஸ்களோ பத்து மணிக்கு மேல்தான் மலையடியை அடைகின்றன. ஆகவே மலையைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

துறைமுகத்திலிருந்து பூங்காவுக்கு சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம். வளைந்து வளைந்து ஏறும் பாதை. என் பக்கத்து ஆசனத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒருவர். எதைக் கண்டாலும் ஊட்டியோடு ஒப்பிடுவது அவர் சுபாவம்.

“என்ன ஸார், இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம ஊட்டியிலே இல்லாத குளிரா?” என்றார்.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. பூங்காவின் தலைமை நிலையம் சுமார் 1,560 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஊட்டியை விடத் தாழ்வு. ஊட்டியில் இல்லாதது ஒன்று அங்கே இருந்தது என்பதை அவரே சிறிது நேரத்தில் கண்டுகொண்டார்.

அது காடு. நட்ட காடு அல்ல. தானாக முளைத்த காடு. ஊட்டியில் தைல மரத்தையும் சீகை மரத்தையும் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்டு, சோலைகளைச் சுருக்கினார்கள். கினபாலுவின் இந்தச் சரிவில் அப்படி நேரவில்லை. அடிவாரத்தில் வெப்பக் காட்டு மரங்கள். ஏறஏற ஓக், செஸ்ட்நட் இனங்கள். அதற்கு மேல் பாசி படர்ந்த, எப்போதும் நனைந்த மேகக் காடு. அதற்கும் மேல் காற்றில் முறுக்கிய குட்டை மரங்கள். கடைசியில் வெறும் கல். இமயத்து உறவினரும் ஆஸ்திரேலியாவின் உறவினரும் வந்து கூடும் கல்யாண வீடு போல இருக்கிறது அந்தத் தாவரக் கூட்டம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

பூங்காவின் தாவரத் தோட்டத்தில் எங்களுக்கு அளிக்கப்பட்ட நேரம் நாற்பத்தைந்து நிமிஷம். வழிகாட்டியாக வந்தவர் டூஸுன் இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். அவர் எங்களை முதலில் ஓர் ஆர்க்கிட் செடியின் முன் நிறுத்தி, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தோம். குண்டூசித் தலையளவு பூ! கண்ணாடியை வைத்ததும் அதற்குள் இதழும், நாக்கும், நிறமும் துல்லியமாகத் தெரிந்தன. என்ஜினீயர் மூன்று தடவை கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அதன் பிறகு ஊட்டியைப் பற்றி அவர் பிரஸ்தாபிக்கவில்லை.

அடுத்தது குடுவைச் செடி. இலையின் நுனி நீண்டு, மூடியுடன் கூடிய குடுவையாகி, உள்ளே நீரை வைத்துக்கொண்டு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் செடி. இந்தக் குடும்பத்தில் மிகப் பெரியதொன்று கினபாலுப் பிரதேசத்தில் மட்டுமே வளர்கிறது. அதன் குடுவையில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். 1859-ல் ஹூக்கர் என்ற தாவர சாஸ்திரி அதற்கு ‘ராஜா’ என்று பெயர் வைத்தார். எந்த ராஜா என்று கேட்டால், ஸராவாக்கை ராஜாவாக ஆண்ட ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர்! அந்த வம்சத்தின் ஆட்சி 1946-ல் முடிந்தது. செடி இருக்கிறது.

இந்த ராஜா பூச்சியை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை என்பது சமீப காலத்தில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. குடுவையின் மூடியில் தேன் போன்ற ஒரு திரவம் சுரக்கிறது. மர மூஞ்சூறு என்ற சிறு பிராணி குடுவையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து அதை நக்கும். நக்கும்போதே குடுவைக்குள் மலம் கழிக்கும். அதுதான் செடிக்கு எரு. சத்தில்லாத மண்ணில் நிற்கும் செடி, ஒரு பிராணிக்குத் தேன் கொடுத்து உரம் வாங்கிக்கொள்கிறது. 2009-க்குப் பிறகு வெளிவந்த ஆராய்ச்சிகளில் இது விளக்கப்பட்டது. மூஞ்சூறு போனால் செடி வாடும். செடி போனால் மூஞ்சூறுக்கு ஆகாரம் குறையும். பள்ளிக்கூடத்தில் ‘இயற்கையின் சமநிலை’ என்று ஒரு வருஷம் கத்தினாலும் பிள்ளைகளுக்குப் புரியாதது, ஒரு குடுவையின் முன்னால் இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

நாற்பத்தைந்து நிமிஷம் முடிந்தது. பஸ் ஊதியது. அடுத்த ஸ்தலத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள்: குண்டசாங் அருகில் ஒரு பால் பண்ணை. பச்சைப் புல்வெளி, கறுப்பு வெள்ளை மாடுகள், பின்னால் மேகம் மூடிய மலை. நியூஸீலாந்தைப் போலவே இருக்கிறது என்று எல்லோரும் ஆனந்தப்பட்டு, மாடுகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் நேயர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பினோசுக் மேட்டு நிலத்தின் பெரும் பகுதி ஒரு காலத்தில் பூங்காவைச் சேர்ந்தது. 1984-ல் அதைப் பூங்காவிலிருந்து நீக்கி, பால் பண்ணைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் கோல்ப் மைதானத்துக்கும் கொடுத்தார்கள். அதற்கு முன்னாலேயே மாமுட் என்ற இடத்தில் செம்புச் சுரங்கத்துக்காக ஒரு பகுதியை நீக்கியிருந்தார்கள். 1975 முதல் 1999 வரை சுரங்கம் நடந்தது. செம்பு போயிற்று, பள்ளம் இருக்கிறது. சர்க்கார் போட்ட கோட்டைச் சர்க்காரே அழிக்கலாம் என்றால், பூங்கா என்பது காகிதத்தில் உள்ள ஒரு வரிதான். உலகப் பாரம்பரியச் சொத்து என்ற பட்டம் கிடைத்ததன் பிரயோஜனம், கோட்டை அழிக்கப் போகிறவர் நாலு பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதே.

பால் பண்ணையை நான் குறை கூறவில்லை. அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் பால் வேண்டும். ஆனால் போர்னியோவுக்குப் போய் நியூஸீலாந்தைப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரமும், உலகத்தில் வேறெங்கும் காண முடியாததைப் பார்ப்பதற்கு நாற்பத்தைந்து நிமிஷமும் என்று யார் தீர்மானித்தது? கப்பல் கம்பெனி என்பீர்கள். கம்பெனி எதைக் கண்டு தீர்மானிக்கிறது? நாம் எங்கே அதிகம் படம் எடுக்கிறோமோ, அதைக் கண்டு. ஆகவே தீர்மானித்தவர்கள் நாமே.

அதே குண்டசாங்கில் இன்னொரு இடம் இருக்கிறது. எங்கள் பஸ் அங்கே நிற்கவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானியர் சிறைப்பிடித்த சுமார் 2,400 ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்கள் சண்டக்கானில் அடைபட்டிருந்தார்கள். 1945-ல் அவர்களில் நடக்கக் கூடியவர்களைக் காட்டு வழியாக ரனாவ் வரையில் நடத்தினார்கள். நோயாலும் பசியாலும் துப்பாக்கியாலும் எல்லோரும் மாண்டார்கள். உயிர் தப்பியவர்கள் ஆறே பேர். தப்பியவர்களுக்குச் சோறிட்டு ஒளித்து வைத்தவர்கள் உள்ளூர்க் கிராமவாசிகள். தெரிந்தால் தங்கள் தலை போகும் என்று அறிந்தே செய்தார்கள். 1962-ல் அமைத்த நினைவுத் தோட்டத்தில் ஆஸ்திரேலியர், ஆங்கிலேயர் இவர்களுக்கு இருப்பது போலவே போர்னியோ மக்களுக்கும் ஒரு தோட்டம் உண்டு.

அந்த ஜனங்களின் இயல்பு அப்படி. மலை அவர்களுக்கு வெறும் கல் அல்ல. இறந்தவர்களின் ஆவி சென்று தங்கும் இடம். வெள்ளைக் கோழியும், முட்டையும், வெற்றிலை பாக்கும் வைத்து மலையிடம் அனுமதி கேட்டு ஏறும் வழக்கம் அவர்களுடையது. வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் அனுமதி கேட்பதும் என்ன என்று தமிழ் நாட்டாருக்குத் தெரியாதா?

2015-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி காலை மலை நடுங்கியது. பூகம்பத்தின் அளவு 6.0. பாறைகள் உருண்டு 18 பேர் மாண்டார்கள். அவர்களில் ஸிங்கப்பூரின் ஆரம்பப் பாடசாலை ஒன்றைச் சேர்ந்த 7 குழந்தைகள், அவர்களை அழைத்துச் சென்ற 2 ஆசிரியர்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார். மாணவர்களை உல்லாசப் பிரயாணத்துக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் தலைகளை எண்ணி எண்ணிப் பார்ப்பவன். அந்த இரண்டு ஆசிரியர்களும் அன்று காலை எத்தனை தடவை எண்ணியிருப்பார்கள் என்பதைத் தவிர வேறொன்றையும் அந்தச் செய்தியைப் பற்றி என்னால் நினைக்க முடிவதில்லை.

மலையில் நூற்றுக்கு மேற்பட்டோர் சிக்கிக் கொண்டார்கள். மேகத்தில் ஹெலிகாப்டர்கள் நெருங்க முடியவில்லை. பாதை உடைந்திருந்தது, பாறைகள் இன்னும் உருண்டு கொண்டிருந்தன. டூஸுன் வழிகாட்டிகள் கயிற்றைக் கட்டி, காயம்பட்டவர்களைச் சுமந்து, இருட்டில் அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். வழிகாட்டிகளிலும் சிலர் உயிர் இழந்தார்கள். சில நாட்களுக்கு முன் சில வெளிநாட்டார் உச்சியில் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டதால்தான் மலை கோபித்தது என்று ஊரார் சொன்னார்கள். பூமியின் பிளவு நகர்ந்தது என்று சாஸ்திரிகள் சொன்னார்கள். சாஸ்திரிகள் சொன்னதுதான் காரணம். ஆனால் பிறர் வீட்டுப் பூஜையறையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குச் சாஸ்திரிகளின் தீர்ப்பு அவசியமில்லை.

எங்கள் வழிகாட்டியிடம் அமெரிக்கப் பிரயாணி ஒருவர், “உச்சிக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். “எண்ணவில்லை. முதலில் பல வருஷம் சுமை தூக்கினேன். அரிசி, காஸ் சிலிண்டர், மேலே தங்குபவர்களின் படுக்கைத் துணி. முழங்கால் போன பிறகு தோட்டத்துக்கு வந்தேன். இங்கே பூவின் பெயர் கேட்பார்கள், அதுவும் தெரியும்” என்றார். எல்லாம் என் பாட்டி சொன்னது என்றும் சேர்த்துக்கொண்டார். வெறும் பேச்சல்ல. 1992-ல் தொடங்கிய ஒரு திட்டத்தின் கீழ், மலையைச் சுற்றியுள்ள கிராமத்தாரே ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்து, பெயரும் உபயோகமும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பட்டணத்து விற்பன்னர்கள் அதை வைத்துப் புத்தகம் எழுதினார்கள்.

பூங்காவின் மறு பக்கத்தில், போரிங் வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகில் ராப்ளீஸியா பூக்கிறது. இலையில்லை, தண்டில்லை, வேரில்லை. ஒரு கொடியின் உடலுக்குள் ஒளிந்து வாழ்ந்து, பல மாதம் மொட்டாக இருந்து, ஒரு வாரத்துக்குள் பூத்து அழுகிவிடும். பூ இரண்டு மூன்று அடி அகலம். அழுகிய மாமிச நாற்றம். அது ஒட்டி வாழும் கொடி நம் வீட்டுப் பிரண்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. முன்பெல்லாம் மொட்டை மருந்துக்காகப் பறித்து விற்பார்கள். இப்போது, தன் தோட்டத்தில் மொட்டுக் கண்ட குடியானவர் அதைச் சுற்றி வேலி கட்டி, பூத்ததும் சாலையில் பலகை வைத்து, பார்க்க வருபவர்களிடம் ஒரு சிறு தொகை வாங்குகிறார். பறித்தால் ஒரு நாள் காசு. காத்தால் பல நாள் காசு. அந்தக் கணக்கு புரிந்ததால் பூவும் பிழைத்தது, குடியானவரும் பிழைத்தார்.

ஆகவே, அரை நாள் பிரயாணி அற்பமானவர் அல்ல. அவர் இறங்கி நடக்கும் அந்தச் சில மணி நேரத்தில் எங்கே நிற்கிறார், யாரிடம் காசு கொடுக்கிறார், எதைப் படம் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு மொட்டு காக்கப்படலாம், அல்லது ஒரு காடு புல்வெளியாகலாம். இந்தக் காலத்தில் நம் நேயர்களில் பலர் குடும்பத்துடன் கப்பல் பிரயாணம் செய்கிறார்கள். கோத்தா கினபாலுவில் இறங்க நேர்ந்தால் அவர்களுக்கு என் யோசனை இவ்வளவே: விடியுமுன் எழுந்து மேல்தட்டுக்குப் போய் மலையைப் பார்த்துவிடுங்கள். பூங்காவுக்குச் சென்றதும் சிகரத்தைத் தேடாமல், உள்ளூர் வழிகாட்டியுடன் தோட்டத்தில் குனிந்து பாருங்கள். குழந்தைகளிடம் பூதக்கண்ணாடி கொடுத்து அனுப்புங்கள். வழியில் நபாலுச் சந்தையில் கிராமத்துப் பெண்கள் விற்கும் அன்னாசியையும் தேனையும் வாங்குங்கள். எதையும் பறிக்க வேண்டாம். முடியுமானால் குண்டசாங் நினைவுத் தோட்டத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள்.

கப்பலுக்குத் திரும்பியதும் பிரயாணம் எப்படி இருந்தது என்று ஒரு காகிதத்தில் அபிப்பிராயம் எழுதித் தரச் சொல்லுவார்கள். சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள், தோட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். என்ஜினீயரும் அன்று அப்படித்தான் எழுதினார். எழுத்துக்கள் பெரிது பெரிதாக, அடியில் கோடும் போட்டு.